10 மில்லியன் ரிங்கிட் அபராதம்: பிறையில் வேலை பார்க்கும் பொறியியலாளருக்கு என்ன மாறுகிறது?

2020 ஜனவரி 20. பட்டர்வொர்த் வடக்குக் கொள்கலன் முனையத்தில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் யோ பீ யின் செய்தியாளர்களைச் சந்தித்தார். சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்த 150 கொள்கலன் பிளாஸ்டிக் கழிவை, அதாவது 3,737 டன் குப்பையை, 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று என்று அறிவித்தார். பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42, அமெரிக்காவுக்கு 17 கொள்கலன்கள் போயின. மலேசியாவை உலகத்தின் குப்பைத்தொட்டியாக ஆக்க நினைப்பவர்கள் கனவு கண்டுகொண்டே இருக்கட்டும் என்று அவர் சொன்னது பல நாடுகளில் தலைப்புச் செய்தியானது.

அமைச்சரின் அறிவிப்பு அதோடு முடிந்தது. ஆனால் ஒரு கொள்கலனைத் திறந்து, உள்ளே இருப்பது மறுசுழற்சிக்கு உகந்த பிளாஸ்டிக்கா, வெறும் குப்பையா என்று யார் சொல்வது? அந்தப் பிளாஸ்டிக்கைக் கழுவிய தண்ணீர் எந்தக் கால்வாயில் போகிறது என்று யார் பார்ப்பது? இவை அரசியல் கேள்விகள் அல்ல. பொறியியல் கேள்விகள்.

அதற்குப் பிறகு அரசாங்கம் சுற்றுச்சூழல் சட்டத்தை இறுக்கியிருக்கிறது. அபராதம் 100 மடங்கு வரை உயர்ந்திருக்கிறது. செய்திகளில் முதலாளிகளைப் பற்றியும் அமலாக்க அதிகாரிகளைப் பற்றியும்தான் பேச்சு. நடுவில் ஒருவர் இருக்கிறார்: பிறையிலோ மாக் மண்டினிலோ ஒரு தொழிற்சாலையில் பம்ப், குழாய், ரசாயனத் தொட்டி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறியியலாளர் அல்லது டெக்னீஷியன். அவருக்கு இதில் என்ன இருக்கிறது?

சட்டத்தில் அப்படி என்னதான் மாறிச்சு?

மலேசியாவின் அடிப்படைச் சுற்றுச்சூழல் சட்டம் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம். இதை அமல்படுத்துவது சுற்றுச்சூழல் துறை. நம்மில் பலர் ‘ஜேஏஎஸ்’ என்றோ ‘டிஓஇ’ என்றோ சொல்வது இதைத்தான்.

இந்தச் சட்டத்தின் கீழ், ஆற்றை மாசுபடுத்திய குற்றத்துக்கு உச்சபட்ச அபராதம் நீண்ட காலமாக 1 லட்சம் ரிங்கிட்டாக இருந்தது. 2024-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு ஜூலை முதல் உச்ச வரம்பு 10 மில்லியன் ரிங்கிட். குறைந்தபட்சம் 5,000 ரிங்கிட். ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு.

இதற்குப் பின்னால் இரண்டு கசப்பான சம்பவங்கள் உள்ளன. 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். நச்சு வாயு பரவி ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்தில் சிலாங்கூர் ஆற்று நீரில் துர்நாற்றம் வந்து, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை.

இவ்வளவு பெரிய பாதிப்புக்கு 1 லட்சம் ரிங்கிட் அபராதமா என்று மக்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஒரு நடுத்தரத் தொழிற்சாலைக்கு முறையான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட ஆகும் செலவு பல நேரங்களில் அதைவிட அதிகம். அப்படியென்றால் பிடிபட்டால் கட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவருக்கு அபராதம் ஒரு தண்டனையே அல்ல. அது இன்னொரு செலவு, அவ்வளவுதான். புதிய வரம்பு அந்தக் கணக்கைக் குலைக்கத்தான் வந்தது.

வேறு இரண்டு மாற்றங்களும் சேர்ந்துகொண்டன. 2025 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கடுமையானது. அபாயக் கழிவுகள் பற்றிய பாசல் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளிலிருந்து, ‘சிரிம்’ ஒப்புதலோடு மட்டுமே இறக்க முடியும். அமெரிக்கா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யாத நாடு என்பதால் இதன் பொருள் சின்னது அல்ல. அடுத்தது கரிம வரி. இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026-க்குள் கரிம வரி கொண்டுவரப்படும் என்று 2025 பட்ஜெட் உரையில் அறிவிக்கப்பட்டது. எஃகு ஆலைகள் உள்ள பிறைக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

ஏன் பட்டர்வொர்த்தை எடுத்துப் பேசுகிறோம்?

இந்த ஊருக்கு இந்தக் கதை புதிதில்லை. பினாங்கின் முதல் தொழிற்பேட்டைகளில் ஒன்று மாக் மண்டினில்தான் வந்தது. பிறகு பிறை. வேலை வந்தது, தோட்டங்களிலிருந்து வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு மாதச் சம்பளம் வந்தது. கூடவே கழிவுநீரும் வந்தது.

1970களில் பிறை தொழிற்பேட்டையின் கழிவுநீர் ஜூரு ஆற்றில் கலந்து, கழிமுகத்திலிருந்த கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்று குரல் கொடுத்தது. மீன் கிடைக்காத மீனவர்கள் பிறகு ‘கெராங்’ எனப்படும் மட்டி வளர்ப்புக்கு மாறினார்கள். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் வந்தது. அதை அமல்படுத்தும் துறை 1975-இல் வந்தது. அதாவது சட்டமும் ஜூரு ஆற்றின் பிரச்சினையும் ஏறக்குறைய ஒரே வயது. சட்டம் இருப்பது மட்டுமே ஆற்றைக் காப்பாற்றாது என்பதற்கு நம் பக்கத்து ஆறே சாட்சி.

இன்னொரு காரணம் குடிநீர். பினாங்கு தன் தேவையில் 80 விழுக்காட்டுக்கும் மேலான நீரை மூடா ஆற்றிலிருந்து எடுக்கிறது. அந்த ஆறு கெடாவிலிருந்து வருகிறது. மேலே யாரோ ஒருவர் செய்யும் தவறு, சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஜார்ஜ்டவுன் வரை எல்லார் வீட்டுக் குழாயையும் பாதிக்கக்கூடும். பினாங்கிடம் அதற்கு ஈடான இன்னொரு பெரிய ஆறு கிடையாது.

பொறியியலாளர் எந்த இடத்தில் வருகிறார்?

எடுத்த எடுப்பிலேயே வருகிறார். 2009-ஆம் ஆண்டின் தொழில்துறைக் கழிவுநீர் விதிமுறைகளின்படி, சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைப்பதும் அதன் கட்டுமானத்தை மேற்பார்வை செய்வதும் பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியியலாளரின் பொறுப்பு. கட்டிய பிறகு அதை இயக்குவதற்கு, சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழ் பெற்ற ‘தகுதிபெற்ற நபர்’ வேண்டும். கழிவுநீர், அபாயக் கழிவு, புகையைச் சுத்தம் செய்யும் ஸ்க்ரப்பர், தூசு பிடிக்கும் பை வடிகட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்றிதழ்.

இது வெறும் பேப்பர் வேலை என்று நினைப்பவர்களுக்காக ஓர் உதாரணம். செம்பும் நிக்கலும் முலாம் பூசும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கழிவுநீரில் இரண்டு உலோகங்களும் கரைந்திருக்கும். காஸ்டிக் சோடாவோ சுண்ணாம்போ சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினால், உலோகங்கள் ஹைட்ராக்சைடாகி அடியில் படியும். இதுவரை பள்ளிக்கூட வேதியியல்.

சிக்கல் அடுத்ததில் இருக்கிறது. செம்பு நன்றாகப் படிவது பிஎச் 8, 9 அளவில். நிக்கலுக்கு 10-ஐத் தாண்ட வேண்டும். ஆனால் 9-க்கு மேல் பிஎச் உள்ள நீரை வெளியே விடக் கூடாது என்கிறது விதி. ஆகவே முதலில் ஏற்றி, நிக்கலைப் படியவைத்து, பிரித்தெடுத்து, பிறகு அமிலம் சேர்த்து இறக்க வேண்டும். தொட்டி கூடுதல், ரசாயனம் கூடுதல், நேரமும் கூடுதல்.

செலவை மிச்சப்படுத்த 9-லேயே நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாகத்தான் இருக்கும். நிக்கல் அதில் கரைந்தபடியே ஆற்றுக்குப் போகும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அளவுகளும் சாதாரணமானவை இல்லை: குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் இருக்கும் தொழிற்சாலைகளுக்கான ‘ஏ’ தரத்தில், ஒரு லிட்டருக்கு 0.20 மில்லிகிராம் நிக்கல்தான் வரம்பு. மற்ற இடங்களுக்கான ‘பி’ தரத்தில் 1 மில்லிகிராம். சாதாரணத் தண்ணீரைக் கலந்து அளவைக் குறைத்துக் காட்டுவதும் குற்றம்.

அதோடும் முடியவில்லை. தொட்டியின் அடியில் படிந்த உலோகக் கசடு ‘எஸ்டபிள்யூ 204’ என்ற எண்ணில் வரும் அட்டவணைக் கழிவு. அதைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வளாகத்தில் வைத்திருக்கவும் கூடாது. உரிமம் பெற்ற நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். லோரியில் ஏறியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்று பதிவு இருக்க வேண்டும். தண்ணீரைச் சுத்தப்படுத்திய பெருமை, கசடு எங்கே போயிற்று என்று தெரியாவிட்டால் பாதிதான்.

ஆக, சட்டத்தில் ஒரு வரியாக இருப்பது, தொழிற்சாலைத் தரையில் இருபது சின்னச் சின்ன முடிவுகளாக மாறுகிறது. அந்த இருபதையும் எடுப்பது அமைச்சரோ முதலாளியோ இல்லை.

‘பாஸ் சொன்னார், செஞ்சேன்’: இது எடுபடுமா?

இரவு ஷிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி 2. ரசாயனம் செலுத்தும் பம்ப் நின்றுவிட்டது. சேமிப்புத் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது. உற்பத்தியை நிறுத்தினால் நாளைக் காலை அனுப்ப வேண்டிய சரக்கு போகாது. சூப்பர்வைசர் போனில் சொல்கிறார்: “இன்னைக்கு மட்டும் திறந்து விட்டுடு, மழை பெய்யுது, யாருக்கும் தெரியாது.”

சட்டத்தின் 43-ஆம் பிரிவு இந்த இடத்தில் முக்கியம். நிறுவனம் குற்றம் செய்தால் இயக்குநர், மேலாளர் போன்ற பொறுப்பில் இருப்பவர்களும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள். தமக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஊழியர் செய்த காரியத்துக்கு முதலாளியும் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் விசாரணை வந்தால் முதலில் எடுக்கப்படுவது பதிவேடுதான். அன்று பிஎச் எவ்வளவு என்று எழுதியது யார்? பம்ப் நின்றதை யாரிடம் சொன்னார்? கையெழுத்து யாருடையது?

மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் நடத்தை விதியும் பதிவுபெற்ற பொறியியலாளர் பொதுமக்களின் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் நலனையும் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்க வேண்டும் என்கிறது. வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான, பிடிபிடிஎன் கடனும் கார் தவணையும் கட்டிக்கொண்டிருக்கும் 24 வயதுப் பையன் அந்த இரவு 2 மணிக்கு ‘முடியாது’ என்று சொல்ல என்ன பலம் இருக்கிறது?

புதிய சட்டத்தின் பலவீனம் இந்த இடத்தில்தான். 10 மில்லியன் என்ற எண் நிறுவனத்தைப் பயமுறுத்துகிறது. ஆனால் வால்வின் மேல் கை வைத்திருப்பவருக்கு அது எந்த அதிகாரத்தையும் தரவில்லை. அபராதம் தவறு நடந்து முடிந்த பிறகு வருவது. தவறைத் தடுக்கக்கூடியது, உற்பத்தியை நிறுத்தும் உரிமை பொறியியலாளருக்கு எழுத்தில் இருக்கிறதா என்பது.

புகார் சொல்ல வழி இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தகவல் தெரிவிப்போர் பாதுகாப்புச் சட்டம், முறைகேட்டைத் தெரிவிப்பவரின் அடையாளத்தைக் காக்கிறது. வேலையில் பழிவாங்கப்படுவதைத் தடுக்கிறது. ஆனால் தகவலை அமலாக்க நிறுவனத்திடம் கொண்டுபோனால்தான் இந்தப் பாதுகாப்பு. கோபத்தில் வீடியோ எடுத்து டிக்டாக்கில் போட்டால் லைக் கிடைக்கும், இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. இளம் ஊழியர்கள் பலருக்குத் தெரியாத வித்தியாசம் இது.

சின்னப் பட்டறைக்காரர் என்ன செய்வார்?

எல்லா மாசும் பேராசையால் வருவதில்லை. இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்கு இரண்டு கட்டச் சுத்திகரிப்பு, சான்றிதழ் பெற்ற ஆள், மாதாந்திரப் பரிசோதனை எல்லாம் சுமைதான். தொட்டி வைக்க இடமே இல்லாத பழைய கடைவரிசைகளும் உண்டு. இவர்களுக்கு அபராதத்தை மட்டும் காட்டினால், கழிவு இரவு லோரியில் ஏறி எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஓரமாக இறங்கும் ஆபத்து அதிகம்.

பல பட்டறைகள் சேர்ந்து ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பயன்படுத்தலாமே என்பது நல்ல யோசனை. தமிழ்நாட்டில் பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இதைத்தான் செய்தன. வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. அதையொட்டிப் பொது நிலையங்களுக்கு முக்கியத்துவம் கூடியது.

ஆனால் அதே வட்டாரம் இன்னொரு பாடத்தையும் தந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில், அப்படிப்பட்ட ஒரு பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. நச்சுக் கசடு பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுற்றுச்சூழலைக் காக்கக் கட்டிய அமைப்பே உயிரை எடுத்தது. ‘பசுமை’ என்று பெயர் வைத்துவிட்டால் கட்டுமானம் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. தொட்டிச் சுவர் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு மேல் நிரப்பாதே என்று சொல்ல ஆள் வேண்டும்.

பிறையில் அப்படி ஒரு பொது நிலையம் பற்றி யோசிப்பதாக இருந்தாலும் இதே கேள்வி வரும்: பணம் யார் போடுவது என்பதோடு, யார் பொறுப்பு என்பதும்.

வேலை வாய்ப்பு என்று பார்த்தால்?

இதை வெறும் ஆபத்தாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் வேலை என்றால் தனியாகச் சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவருக்கு மட்டும் என்ற காலம் போய்விட்டது. மேலே சொன்ன முலாம் பட்டறையையே பாருங்கள். வேதிப் பொறியியல் தெரிந்தவர் வேண்டும். பிஎச் சென்சாரையும் பம்பையும் இணைக்க மின், கருவியியல் தெரிந்தவர் வேண்டும். தொட்டி கட்ட சிவில் வேண்டும்.

பட்டம் மட்டும்தான் வழி என்றும் இல்லை. ‘தகுதிபெற்ற நபர்’ சான்றிதழுக்கான பயிற்சியைச் சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிக் கழகமான ‘எய்மாஸ்’ நடத்துகிறது. கழிவுநீருக்கே உடல்-வேதி முறைக்கு ஒன்று, உயிரியல் முறைக்கு ஒன்று என இரண்டு வகை இருக்கிறது. ஏற்கெனவே பிளான்டில் இருக்கும் டெக்னீஷியனுக்கு, அவருடைய அனுபவத்தைச் சட்டம் அங்கீகரிக்கும் தகுதியாக மாற்றும் வழி இது.

கரிமக் கணக்கும் ஒரு புதிய திறன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் ஆகியவை அதில் அடங்கும். அங்கே எஃகு விற்க வேண்டுமானால், ஒரு டன்னுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்று காட்ட வேண்டும். அந்த எண்ணை உலையின் எரிவாயு மீட்டரிலிருந்து எடுத்துக் கணக்கிட்டு, கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் இன்று தொழிற்சாலைக்குத் தேவை.

வேலைக்குப் போகும் முன் என்ன கேட்கலாம்?

நேர்காணலில் சம்பளம், ஓடி, போனஸ் கேட்கிறோம். சுத்திகரிப்பு நிலையமோ கழிவோ உங்கள் பொறுப்பில் வருவதாக இருந்தால் இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். சான்றிதழ் பெற்ற நபர் யார், அவர் உண்மையில் அந்த வளாகத்தில் வேலை பார்க்கிறாரா, பெயர் மட்டும் இருக்கிறதா? சுத்திகரிப்பு நின்றால் உற்பத்தியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, அது எழுத்தில் இருக்கிறதா? பழுது ஏற்பட்டால் கழிவுநீரைத் தேக்கிவைக்கும் தொட்டி எத்தனை மணி நேரம் தாங்கும்?

மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அது நல்ல இடம். “அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்” என்று வந்தால், அந்த ‘பிறகு’ இரவு 2 மணிக்கு உங்கள் கையில்தான் வந்து நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரே பழக்கம் போதும்: நடந்ததை நடந்தபடி, நடந்த நேரத்தோடு எழுதுங்கள். பம்ப் நின்றால் நின்றது என்று எழுதுங்கள். யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதையும் எழுதுங்கள். வாய்ச்சொல்லாக வந்த உத்தரவை, “நீங்கள் சொன்னபடி இப்படிச் செய்யட்டுமா?” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாக மேலாளருக்குத் திருப்பி அனுப்புங்கள். தவறான உத்தரவு கொடுப்பவர்கள் பலர், எழுத்தில் உறுதிசெய்யச் சொன்னதும் பின்வாங்குவார்கள்.

அரசாங்கத்தின் அடுத்த வேலையும் இதிலிருந்தே தெளிவாகிறது. உச்ச வரம்பு ஏறியது தேவையான முதல் படி. ஆனால் 5,000 ரிங்கிட்டுக்கும் 10 மில்லியனுக்கும் நடுவே இடைவெளி மிகப் பெரியது. நீதிமன்றங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதை வைத்துத்தான் தொழிற்சாலைகள் மறுபடியும் கணக்குப் போடும். தகுதிபெற்ற நபருக்கு உற்பத்தியை நிறுத்தும் உரிமையை விதியாகவே எழுதிவைத்தால், அந்தக் கணக்கு இன்னும் வேகமாக மாறும். ஜூரு ஆற்றின் ஓரத்தில் தொழிற்பேட்டை வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அங்கே வேலைக்குப் போகும் அடுத்த தலைமுறைப் பொறியியலாளர்களிடம் ‘முடியாது’ என்று சொல்லும் அறிவு இருக்கிறது. அதைச் சொன்ன பிறகும் மறுநாள் வேலை இருக்கும் என்ற உறுதிதான் இன்னும் வரவில்லை.